ரொட்டிக்கடை சொன்ன பொய்

அந்த நகரத்துக்கு நான் போனதில்லை, இனிப் போகப்போவதுமில்லை. ஆனால் அங்கே முட்டை விற்கிறவர் தன் சைக்கிளை எந்த மரத்தோடு சாத்துவார், மருந்துக்கடைக்காரர் எத்தனை ரொட்டி வாங்குவார், வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எப்படித் தொண்டையைச் செருமுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஈரானின் கிழக்கே, பாலைவனம் தொடங்குகிற ஓரத்தில், பாரசீகம் பேசுகிற ஒரு சின்ன நகரம். பெயரை எழுதமாட்டேன். அங்கே ஒருவரைச் சொன்னால் எல்லாரையும் சொன்னதாகிவிடும், அவ்வளவு சின்ன இடம்.

நான் பார்த்தது முழுக்க என் குசினி மேசையில், சீனிப் போத்தலோடு சாத்திவைத்த ஒரு கைபேசிக்குள்ளால்தான். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்சனில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. என் கதவுக்கு நேர் எதிர்க் கதவில் அந்த நகரத்துக்காரி ஒருத்தி தன் மகளோடு குடியிருந்தாள். ஊரில் அவள் நர்ஸ். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இராவேலை. கிழடுகளைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது. நர்ஸாக வேண்டுமென்றால் பிரெஞ்சில் ஒரு சோதனை எழுத வேண்டும். இரண்டு தரம் எழுதித் தவறிவிட்டது. மூன்றாவதுதான் கடைசி.

காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வருவாள். அவள் வீட்டில் மகள் எட்டு மணிவரை தூங்குகிறவள், எனவே என் கதவைத் தட்டுவாள். நான் தேத்தண்ணீர் ஊற்றுவேன். அவள் சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடிப்பாள். நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த சனம்தானே, அந்த விஷயத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும்தான் கதைப்போம். இங்கே அதை என் தமிழில்தான் எழுதமுடியும். ‘அக்கா’ என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் தமிழிலேயே சொல்லுவாள்.

ஏழே காலுக்கு ஊருக்கு அழைப்பாள். அங்கே அப்போது பின்னேரம், ரொட்டிக்கடையில் இரண்டாம் சூளை போடுகிற நேரம். கடை அவளுடைய அப்பாவுடையது. சூடான கூழாங்கற்களின் மேல் மாவை நீட்டிப் போட்டுச் சுடுகிற, ஒரு முழத்துக்கும் மேல் நீளமான ரொட்டி. தம்பி மாவை நீட்டுவான், அப்பா எடுப்பார். ஒட்டியிருக்கிற கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத்தான் கொடுப்பார். அந்த நகரத்தில் பாதிச் சனம் அந்த வரிசையில் நிற்கும். கைபேசியைக் கல்லாவில் நிறுத்தி வைப்பார்கள். வாங்குகிறவர்கள் குனிந்து அவளிடம் சுகம் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். பிறகு என்னையும் விசாரிக்கத் தொடங்கினார்கள்; அவள்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவாள். தலைமையாசிரியர் எனக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லுவார். கறுப்புப் போர்வைக்காரி ஒருத்தி, தன் மருமகளைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் விளங்காது என்று தெரிந்தும், நாள்தவறாமல் முறையிடுவாள். எனக்கு விளங்கிற்று. மருமகளைப் பற்றிச் சொல்லும் முகம் எல்லா ஊரிலும் ஒரே முகம்தான்.

அப்பாவுக்கு மீசை நரைத்த வெள்ளை, புருவம் மாப்படிந்த வெள்ளை. மகளைப் பார்த்துக் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: “எத்தனை பக்கம் படிச்சாய்?” இரண்டாம் தரம் தவறிய அன்று அவள் புத்தகத்தை மூடிவிடப் போகிறேன் என்று அழுதாள். அவர் கடைக்குள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம்: “என்ன நடந்தாலும் இவள் புத்தகத்தை விடக்கூடாது.” அந்த வாக்கியம்தான் பிறகு எல்லாரையும் பாடாய்ப் படுத்தியது.

மாசி மாதத்தில் ஒரு நாள் சந்தையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முதலாம் மாடியில் இருக்கிற பெண், அவளும் அதே நகரத்துக்காரி, என் எதிர்க்கதவுக்காரிக்கு ஏதோ முறையில் ஒன்றுவிட்ட சித்தி, வந்து கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள். பிரெஞ்சு அவளுக்குக் கொஞ்சம்தான் வரும். வாயைத் திறக்காமல் கைபேசியைக் காட்டினாள். சுவரில் ஒட்டிய கறுப்புக்கரைத் தாள், நடுவில் ரொட்டிக்கடைக்காரரின் படம். அந்த ஊரில் செத்தவர்களின் படத்தை அப்படித்தான் சுவர் சுவராக ஒட்டுவார்கள். விடிய மா பிசையும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழும்பவில்லை.

“அவளுக்கு?” என்று கேட்டேன்.

அவள் விரலால் வாயைப் பொத்திக் காட்டினாள். “சோதினை முடியட்டும். நாற்பத்தைஞ்சு நாள். அந்த மனிசன் எல்லாருக்கும் முன்னால சொன்னது. ஊரே முடிவெடுத்திட்டுது.”

“ஊர் யார் முடிவெடுக்க?” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு விளங்கியிருக்காது. விளங்கியது போலத் தலையைக் குனிந்தாள்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று சொல்ல வேண்டும். என் அம்மா யாழ்ப்பாணத்தில் செத்தபோது நான் இங்கே ஏழு மாதக் கர்ப்பிணி. அண்ணை மொன்றியலுக்கு மேற்கே, கர்க்லாண்டில் இருக்கிறார். அவருக்கு அன்றைக்கே தெரியும். எனக்குச் சொன்னது முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு. அந்த ஒரு மாதமும் கிழமைக்கு இரண்டு தரம் என் வீட்டுக்கு வந்தார், சோறு சாப்பிட்டார், பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று பகிடிவிட்டார். ஒரு நாள் அம்மா அனுப்பியது என்று சொல்லி எள்ளுருண்டை கொண்டுவந்தார். அம்மா செத்து இருபது நாளாகியிருந்தது. “என்ர வீட்டில இருந்து என்ர கையால வாங்கித் திண்டுகொண்டு என்னை ஏமாத்தினீங்களே” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போவோம் வருவோம், நல்லது கெட்டதுக்கு நிற்போம், ஆனால் அம்மாவின் திவசத்தை நான் தனியாக என் வீட்டில்தான் செய்கிறேன். இருபத்தொரு வருஷம் அம்மாவின் படத்துக்கு முன்னால் அண்ணையோடு சேர்ந்து நான் நின்றதில்லை.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து வாயைப் பொத்தச் சொல்கிறாள்! முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் காலை எதிர்க்கதவுக்காரி சிவந்த கண்ணோடு, கையில் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து, “அக்கா, இருதய மருந்துகள் பகுதி முடிஞ்சுது” என்றாள். நான் தேத்தண்ணீரை ஊற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் ஊரோடு சேர்ந்துவிட்டேன்.

அதுவரை சூளை பழுது என்று அவளுக்குச் செய்தி அனுப்பியவர்கள் நான்காம் நாள் கடையைத் திறந்தார்கள். தம்பிதான் மாவையும் நீட்டினான், ரொட்டியையும் எடுத்தான். அப்பாவுக்குத் தொண்டையில் சின்ன ஒப்பரேஷன், இரண்டு மாதம் கதைக்கக்கூடாது, மாத்தூசும் ஆகாது, வீட்டில் படுத்திருக்கிறார் என்பது அவர்கள் கட்டிய கதை. வீட்டுப் படம் என்று பழைய படங்களை அனுப்பினான்.

ஒரு வீடு பொய் சொல்வதைக் கண்டிருக்கிறேன். ஒரு நகரம் முழுவதும் சேர்ந்து சொன்னதை அன்றுதான் கண்டேன். முட்டைக்காரர் குனிந்து, “இப்பதான் பார்த்திட்டு வாறன், நல்லாயிருக்கிறார்” என்றார். தலைமையாசிரியர், ஒரு காலமும் பிள்ளைகளைப் பொய் சொல்ல விடாதவராம், தொண்டையைச் செருமிக்கொண்டு, “தாளில் எழுதிக் காட்டுகிறார், கையெழுத்து முன்னையைவிடத் திறம்” என்றார். கறுப்புப் போர்வைக்காரி மட்டும் கைபேசியைக் கண்டதும் விலகிப் போனாள். அவளால் நடிக்க முடியவில்லை.

மருந்துக்கடைக்காரரின் பாடு இன்னும் மோசம். இவள் நர்ஸ் அல்லவா? என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நேரம் என்று அவரைக் குடைந்தெடுத்தாள். அவர் ஏதோ சொல்ல, “அந்த வயசுக்கு அவ்வளவு குடுக்கக்கூடாது!” என்று பாய்ந்தாள். அடுத்த நாள் அந்த மனிதர் ரொட்டியை அக்குளில் வைத்துக்கொண்டு வந்து, அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். மண்ணுக்குள் கிடக்கிற மனிதனுக்கு அவள் மருந்தின் அளவைக் குறைத்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தாள். நான் கழுவின கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர்களிடத்தில் இழவு என்றால் நாற்பது நாள் கறுப்புச் சட்டை. ஆண்கள் தாடி எடுக்க மாட்டார்கள். சட்டையை மாற்றலாம், ஏழே காலுக்கு முன்னால் தம்பிக்கு யாரோ ஒரு நீலச் சட்டை மாட்டிவிட்டார்கள். தாடியை என்ன செய்வது? அது நாளுக்கு நாள் வளர்ந்தது. அவளுக்கு அது பெரிய பகிடியாகப் போயிற்று. “யார் அந்தப் பெட்டை? யாருக்காக வளர்க்கிறாய்?” என்று கேட்பாள். அவன் சிரிப்பான். ஒரு நாள் அவனுக்குப் பின்னால் தொங்கவிட்ட துணி காற்றில் விலகி, சுவரில் ஒட்டியிருந்த கறுப்புக்கரைத் தாளின் மூலை தெரிந்தது. நான் மேசையை இடித்து அவள் மடியில் தேத்தண்ணீரைக் கொட்டினேன். “அக்கா, கண் தெரியேல்லையோ!” என்று குதித்தாள். தம்பி துணியை இழுத்து மூடிவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

இப்படியே நாற்பது நாளும் ஓடிவிட்டது. அன்றைக்கு வியாழக்கிழமை. இன்னும் ஐந்து நாளில் சோதனை. பின்னேரம் கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டு, அதில் நல்ல மண்ணிறத்தில் அல்வா. பார்வைக்கு எங்கள் ஊர்த் தொதல் இனிப்பு மாதிரி, ஆனால் பன்னீரும் குங்குமப்பூவும் மணத்தது. மேலே கரண்டியின் விளிம்பால் பூப்பூவாக அழுத்தி, பாதாம் பருப்பைச் சீவி வைத்திருந்தாள். வயிற்றெரிச்சல் வரும் அளவுக்கு அழகு. தட்டைத் தந்துவிட்டு, நெஞ்சில் கையை வைத்துத் தலைகுனிந்து, “மெர்சி” என்று முணுமுணுத்துவிட்டு அவசரமாகப் பக்கத்துக் கதவுக்குப் போனாள்.

அவளுடைய மகனுக்கு நிரந்தர வதிவிட அட்டை வருமென்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தவர்கள். வந்துவிட்டது போல என்று நினைத்தேன். இனிப்பு என்றால் எங்களுக்கு வேறென்ன நினைவு வரும்? பிள்ளை பிறந்தால், சோதனை பாஸானால், விசா வந்தால்தான் இனிப்பு. செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு எங்கள் சனத்தில் யாரும் பாதாம் சீவிப் பூப்போட மாட்டார்கள். எனக்கு அந்தப் பக்கமே புத்தி போகவில்லை.

அடுத்த நாள் காலை எதிர்க்கதவுக்காரி வந்தாள். இராமுழுக்க நின்ற கால்கள், முகத்தில் இரத்தமில்லை. நல்ல நாளும் அதுவுமாய் இவளுக்கு ஏதாவது இனிப்பாய்க் கொடுப்போமே என்று அந்தத் தட்டைத் தூக்கி மேசை நடுவில் வைத்தேன். “உங்கட ஊர் அல்வா. கீழ்வீட்டுக்காரி தந்தவ. மகனுக்கு அட்டை வந்திட்டுது போல.”

அவள் தட்டைப் பார்த்தாள். தொடவில்லை.

“எப்ப தந்தவ?”

“நேற்றுப் பின்னேரம்.”

“உங்களுக்கு மட்டுமோ?”

“இல்லையே, எல்லாக் கதவுக்கும் குடுத்தவ” என்றேன். சொல்லும்போதே எங்கேயோ இடித்தது. “உனக்கும் தந்திருப்பாவே?”

அவள் மெதுவாகச் சொன்னாள்: “நாங்கள் இதை வியாழக்கிழமையில, செத்தவைக்குத்தான் செய்யிறது அக்கா. கட்டடம் முழுக்கக் குடுத்து என்ர கதவுக்கு மட்டும் குடுக்கேல்லை எண்டால்...” என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை.

“தாடி” என்றாள். பிறகு, “எத்தினை நாள்?”

“நாற்பது.”

“நீங்களும் ஒவ்வொரு நாளும் என்னோட இருந்து தேத்தண்ணி குடிச்சீங்கள்.”

அண்ணையிடம் நான் கேட்டதை அப்படியே கேட்டாள். எனக்கும் பதில் வரவில்லை. அண்ணைக்கு அன்று ஏன் வரவில்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கிற்று. அவள் மேசையில் தலையை வைத்து அழுதாள். நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டே நானும் அழுதேன். அவருக்காகத்தான் அழுதேன், அந்த மாப்படிந்த புருவத்துக்காக. நாற்பது நாள் எனக்கும் அழ வழியில்லை.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. அவள் தலையைத் தூக்கி, அல்வாவில் ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடி ஏதோ ஓதி, தின்றாள். எனக்கும் ஒரு துண்டு தந்தாள். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஏழே கால் தாண்டி இருபது நிமிஷம்.

“பார்த்துக்கொண்டு நிப்பினம்” என்றாள்.

குழாயடியில் முகத்தைக் கழுவினாள். பனிக்குளிரால் கண் சிவந்திருக்கிறது என்று சொல்லலாம் என்று என்னிடமே ஒத்திகை பார்த்தாள். நான் கையைப் பிடித்து, “வேண்டாம் பிள்ளை, அவைக்குச் சொல்லு, தெரிஞ்சிட்டுது எண்டு” என்றேன்.

“இன்னும் நாலு நாள்தான் அக்கா. அந்தச் சனம் இவ்வளவு கஷ்டப்பட்டிட்டுது. முடிக்கட்டும்.”

கைபேசியைச் சீனிப் போத்தலோடு சாத்தினாள். தம்பி நீலச் சட்டையோடு வந்தான். வரிசை நின்றது. “என்ன, இன்னும் அந்தப் பெட்டை சம்மதிக்கேல்லையோ? தாடி வயித்தைத் தொடப்போகுது” என்று பகிடிவிட்டாள். கடை சிரித்தது. மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு இனி அந்த மருந்தை நிற்பாட்டலாம் என்றாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார். எனக்கு மேசைக்குக் கீழே அவளுடைய கை தெரிந்தது. என் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

அந்த நாலு நாளும் அவள் அப்படித்தான் படித்தாள், அப்படித்தான் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை சோதனை எழுதினாள். பாஸா என்று கேட்பீர்கள். பாஸ்தான், ஆறு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது புதன்கிழமைக் காலை நடந்ததை.

அன்று கடையில் சூளை மூட்டவில்லை. தம்பி கறுப்புச் சட்டையோடு நின்றான். பின்னால் துணி இல்லை, தாள் தெரிந்தது. தலைமையாசிரியர்தான் சொல்ல வந்தவர், செருமினார், செருமினார். அவள் அந்த மனிதருக்குச் சிரமம் கொடுக்காமல், தாளைப் பார்த்து, அன்றுதான் காண்பது போல முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடிப்பா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்களோடு சேர்ந்து அழ அவளுக்கு அன்றுதான் கிடைத்தது. கறுப்புப் போர்வைக்காரி வந்து கைபேசியையே கட்டிப்பிடித்தாள். எங்களுக்குக் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

தம்பி, “மன்னிச்சுக்கொள்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான். அவள் அவனை நன்றாக உற்றுப் பார்த்தாள். “நீ எங்க வைச்சு அழுதாய்?” என்று கேட்டாள்.

அவன் கையால் பின்பக்கத்தைக் காட்டினான். மாமூட்டை அடுக்குகிற அறை.

“நான் மூத்தவள் சொல்லுறன்” என்றாள். “அழுதது காணும். இனிப் போய்த் தாடியை எடு.”

தாடியை எடுக்கச் சொல்லி ஒரு பெரியவர் சொன்னால்தான் அவர்களிடம் இழவு முடியுமாம். நாற்பதாம் நாளே ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்குத் தெரியாமல் எடுக்கமாட்டேன் என்று அவன் நின்றிருக்கிறான். தனக்கு முன்பே தெரியும் என்பதை அவள் இன்றுவரை அந்த நகரத்துக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்தைப் போட்டேன். போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எள்ளுருண்டை ஞாபகம் வந்தது. அது அண்ணை கடையில் வாங்கியதாக இருக்க முடியாது. அந்தக் காலத்தில் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. அண்ணிக்கும் செய்யத் தெரியாது. அம்மா செத்து இருபதாம் நாள், அவர் தன் கையாலேயே எள்ளை இடித்து உருட்டியிருக்க வேண்டும். இருபத்தொரு வருஷம் அதை ஏமாற்று வேலை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அவருக்கும் அம்மா செத்தது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கர்க்லாண்டுக்கு அழைத்தேன். காலையில் நான் ஒருபோதும் அழைப்பதில்லை. அண்ணை பயந்துபோய், “என்ன, ஆருக்கு என்ன?” என்றார்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை” என்றேன். “அம்மா செத்து அந்த முப்பத்தொரு நாளும் நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள்?”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“உன்ர வீட்டால வெளிக்கிட்டு ரெண்டு தெரு தள்ளிக் காரை நிப்பாட்டுவன்” என்றார். “பேந்து முகத்தைத் துடைச்சுப்போட்டுத்தான் வீட்டை போவன்.”